செருப்பில் வெட்டிய குத்துவிளக்கு

எங்கள் வீட்டுக் கதிரை ஒன்றின் கால் ஆடத் தொடங்கி ஒரு மாதமாகிறது. யாராவது விழுந்து எழும்புவதற்கு முன்னர் ஒட்டிவிடுவோம் என்று பசை வாங்கப் போனேன். இப்போது நான் இருக்கும் ஊரில் வருடத்தில் ஐந்து மாதம் பனி. வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் சனங்களுக்குக் கைவேலைச் சாமான் விற்பதற்கென்றே பெரிய கடைகள் இருக்கின்றன. பசை எந்தப் பக்கம் என்று தெரியாமல் நாலு தட்டுகளைச் சுற்றிவிட்டு ஐந்தாவது தட்டில் திரும்பினேன். ஒரு மணம் வந்தது. றப்பரும் மையும் கலந்த மணம். பசையை மறந்து அங்கேயே நின்றுவிட்டேன்.

தட்டு நிறைய முத்திரைகள். மரக்கட்டையில் ஒட்டிய றப்பரில் பூ, வண்ணத்துப்பூச்சி, கேக், தொப்பி போட்ட பூனை. பக்கத்தில் சின்னச் சின்ன மைப்பெட்டிகள், எண்ணி முடியாத நிறங்களில். வாழ்த்து மடல்களை வீட்டிலேயே செய்வதற்காம். கடைப் பெண் கிட்ட வந்து, புதிதாகப் பழகுகிறீர்களா, சனிக்கிழமைகளில் ஆரம்ப வகுப்பு நடக்கிறது, சேருங்கள் என்றாள். நல்ல பிள்ளை. நான் இதை ஒரு பழைய செருப்பில் பழகியவள் என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சிரித்து வைத்தேன். தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். பாவம், பயந்திருப்பாள்.

உங்களுக்குச் சொல்லலாம். நீங்கள் பயப்படுகிற ஆள் இல்லை.

என்னுடைய முதல் முத்திரை வெண்டிக்காய். காம்புப் பக்கத்தைக் குறுக்கே வெட்டி, மையில் தொட்டுக் கடதாசியில் குத்தினால் ஐந்திதழ்ப் பூ விழும். ஒரே குறை, அரை மணித்தியாலத்தில் பூ வழுவழுத்துப் போய்விடும். அந்த நாளில் எங்கள் வீட்டு வெண்டிக்காய்க் குழம்பில் காம்புப் பக்கம் ஒரு துண்டும் இருக்காது. வெண்டிக்காயிலிருந்து கிழங்குக்குப் போனேன். கிழங்கிலிருந்து அழிறப்பருக்கு. அழிறப்பரில் ஒரு மாவிலை வெட்டினாலே இடம் முடிந்துவிடும். அப்படித்தான் ஒருநாள் செருப்பைக் கண்டுபிடித்தேன். றப்பர்ச் செருப்பின் குதிப் பக்கம் நல்ல தடிப்பு. பாதி பிளேட்டில் துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு செதுக்கினால் வெண்ணெயாக வழிவிடும். அதன்பிறகு எங்கள் ஒழுங்கையில் யாருடைய செருப்பு வார் அறுந்தாலும் முதலில் சந்தோசப்படுகிற ஆள் நான்தான். தீவுப்பகுதியில், அதுவும் எங்கள் சரவணையில், செருப்பு அறுவதற்குக் குறைவில்லை. பாதை முழுக்கக் கல்லும் நெருஞ்சிமுள்ளும்.

வெட்டிய முத்திரைகளை ஒரு தகர பிஸ்கற் பேணிக்குள் போட்டு வைத்திருந்தேன். மாங்காய், மயில், தோணி, பூரணகும்பம், கொஞ்சம் கோணலான பிள்ளையார் ஒருவர். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சிநேகிதிகளுக்கு வாழ்த்து மடல் அடிப்பேன். பேணியைத் திறந்தால் றப்பரும் மையுமாக ஒரு மணம் எழும்பும். கடையில் என்னை நிறுத்தியது அந்த மணம்தான். ‘உந்தச் செருப்புத் துண்டுகளை வைச்சு என்ன கிழிக்கப் போறாய்?’ என்று அம்மா பேசிக்கொண்டே இருந்தார். எண்பத்தாறாம் ஆண்டு அக்காவின் கலியாணத்தோடு அந்தப் பேச்சு நின்றது. அந்தக் கலியாணத்தில்தான் நான் ஊருக்கே தெரிய ஒரு பிழை செய்தேன். அதைச் சொல்வதற்கு முதலில் பெரியப்பாவைச் சொல்ல வேண்டும்.

பெரியப்பா என் அப்பாவின் ஒரேயொரு தமையன். நயினாதீவில் பெண் எடுத்து அங்கேயே இருந்துவிட்டவர். பிள்ளைகள் இல்லை. மாதம் ஒருமுறை லோஞ்சுப் படகில் குறிகட்டுவான் துறைக்கு வந்து, அங்கிருந்து பஸ் பிடித்துச் சரவணைக்கு வருவார். அக்காவில் அவருக்கு உயிர். நயினாதீவுத் திருவிழா முடிந்தால் அக்காவுக்கு ஒரு டசின் காப்பு வரும், எனக்கு ஒரு சோடி வரும். எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சல் இருந்தது உண்மை.

மார்கழி மாதம், கடல் கொந்தளித்த ஒரு நாளில், அப்பா வீட்டில் திடீரென்று இறந்தார். மூன்று நாள் லோஞ்சு ஓடவில்லை. பெரியப்பாவுக்குச் சொல்லியனுப்ப வழியே இல்லாமல் போயிற்று. அவர் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து சாம்பலும் அள்ளியாகிவிட்டது. படலைக்கு வெளியே நின்றபடி அம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

“என்ர தம்பியின்ர முகத்தைக்கூட எனக்குக் காட்டேல்லை. இனி உங்கட வீட்டு நன்மை தின்மைக்கு நான் இல்லை.”

கடல் செய்த வேலைக்கு அம்மா என்ன செய்வார்? ஆனால் துக்கத்தில் இருக்கும் மனிதருக்குக் கடலோடு கோபிக்க முடியாது, எங்களோடு கோபித்தார். ஆறு வருடம் அந்தப் படலையை அவர் திறக்கவில்லை.

அக்காவுக்குக் கலியாணம் பொருந்தியபோது மாப்பிள்ளை வீட்டார் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள். “தகப்பன் இல்லாத பிள்ளையெல்லே, தாரை வார்த்துக் குடுக்கிறது ஆர்? தகப்பன் பகுதியில ஒருத்தரும் இல்லையோ?” அப்பாவின் பக்கத்தில் பெரியப்பாவை விட்டால் வேறு ஆளில்லை. அம்மா இரண்டு தரம் நயினாதீவுக்குப் போனார். இரண்டு தரமும் அம்மா முன்படலையால் நுழைய, பெரியப்பா பின்படலையால் காணிக்குப் போய்விட்டார். பெரியம்மா தேத்தண்ணி தந்து, கூட இருந்து அழுது அனுப்பினார்.  பெரியப்பா தந்த பழைய காப்புகளை அக்கா எடுத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் கண்டேன். பெரியப்பா வராவிட்டால் அக்கா மணவறையில் அழுவாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

இனிக் காட். எங்கள் பகுதியில் அழைப்பிதழை யாரும் அழைப்பிதழ் என்று சொல்வதில்லை, காட்தான். காட்டைக் கையில் கொடுத்து வாயாலும் சொல்ல வேண்டும். வாயால் மட்டும் சொன்னால், ‘போற வழியில சொல்லிப்போட்டுப் போகினம்’ என்று வராமல் விட்டுவிடுவார்கள். காட்டை மட்டும் கொடுத்தால், ‘வாய் இல்லையோ’ என்பார்கள். நூற்றிருபது காட் யாழ்ப்பாணத்தில் அச்சுக்குக் கொடுத்திருந்தோம். கலியாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது ஆமிக்காரர் பாதையைப் பூட்டிவிட்டார்கள். மண்டைதீவுச் சந்தியைத் தாண்டி ஒருவரும் போக ஏலாது. அடித்து முடித்த காட்டெல்லாம் அச்சுக்கூடத்திலும், நாங்கள் இந்தப் பக்கமும்.

அம்மா முற்றத்தில் நின்று என்னைப் பார்த்தார். பிறகு முதன்முறையாக மரியாதையோடு என் பிஸ்கற் பேணியைப் பார்த்தார்.

“பிள்ளை, உன்ர செருப்பு வேலையை ஒருக்கா எடு பாப்பம்.”

அயல் வீட்டுத் தவமக்கா கூட்டுறவுச் சங்கக்கடையில் எழுதுவினைஞர். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். சங்கக்கடை ஊதா மைப்பெட்டியும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. வேலணைச் சந்திக் கடையில் மஞ்சள் நிற பிறிஸ்டல் மட்டை கிடைத்தது. மங்கலமான நிறம் என்று அம்மாவுக்குச் சந்தோசம். வெட்டி மடித்தோம். நல்ல நேரம் பார்த்து, மட்டை வெறுமையாக இருக்கும்போதே அம்மா எல்லாவற்றின் மூலைகளிலும் மஞ்சள் தடவினார். மஞ்சள் மட்டையில் மஞ்சள் தெரியவா போகிறது? தடவின அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். அதோடு காட்டை எங்களிடம் விட்டுவிட்டுப் பலகாரச் சூட்டுக்குக் குசினிக்குள் போய்விட்டார்.

உள்ளே எழுத வேண்டியதை அவர் குசினிக்குள் நின்றபடியே சொன்னார், தவமக்கா எழுதினார். அழைப்போர் பெயர் வந்ததும் அம்மா முதலில் சொன்னது பெரியப்பாவின் பெயர்.

தவமக்காவின் பேனை நின்றது. “மாமி, அவர் வராட்டில்?”

“வராட்டில் நான் பொய்க்காரி. நீ எழுது பிள்ளை.”

வெளிப்பக்கத்துக்கு ஒரு குத்துவிளக்கு வெட்டினேன். ஐந்து திரி, நடுவில் அன்னம். நான் வெட்டியதிலேயே திறமான வேலை அதுதான். றப்பருக்கு எங்கே போனேன் என்று கேட்காதீர்கள். அக்காவின் பழைய செருப்பு ஒன்று கிணற்றடியில் கிடந்தது. கலியாணக் காட்டிலுள்ள விளக்கு, செருப்பின் குதியில் வெட்டியது என்று அம்மா யோசிக்கவே இல்லை. முதல் காட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாமிப்படத்துக்கு முன்னால் வைத்தார். நான் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்குத்தான் முதன்முதல் வெளியில் சொல்கிறேன்.

அறுபது காட் அடித்தவுடன் ஊதா மை வற்றிவிட்டது. சங்கக்கடையிலும் வேறு போத்தல் இல்லை. குங்குமத்தை எண்ணெயில் குழைத்துப் பார்த்தேன். யாரோ கையை வெட்டிக்கொண்டு காட்டைப் பிடித்த மாதிரி வந்தது. பிறகு விளக்குச் சிமினிப் புகைக்கரியைச் சுரண்டி ஆமணக்கெண்ணெயில் குழைத்தேன். கண்ணுக்கு மை கூட்டுகிற அதே பக்குவம். அருமையாகப் பிடித்தது! அச்சுக்கூடத்து மையெல்லாம் அதற்குக் கிட்ட நிற்காது. அந்தச் சந்தோசத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கேறிவிட்டது. விளக்கு மட்டும் போதுமா, கூறைச்சேலைக்குக் கரை இருக்கிற மாதிரிக் காட்டுக்கும் ஒரு கரை வேண்டாமா என்று யோசித்தேன். செருப்பின் விளிம்பில் ஒரு தடித்த கோடும் அதற்குள்ளே ஒரு மெல்லிய கோடும் வெட்டி, நாலு பக்கமும் கட்டி அடித்தேன். நடுவில் விளக்கு. எட்டத்தில் வைத்துப் பார்த்தேன். எனக்கே என்னில் மதிப்பு வந்தது.

நீங்கள் இப்போதே தலையில் கை வைத்திருப்பீர்கள். மட்டை என்ன நிறமாக இருந்தாலும் கறுப்புக் கரையும் நடுவில் ஒரு விளக்கும் இருந்தால் அது என்ன காட் என்று எங்கள் பகுதியில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத்தான் தெரியவில்லை. எனக்குக் கூறைச்சேலைதான் தெரிந்தது.

ஏழெட்டு அடித்திருப்பேன். படலையடியில் சைக்கிள் மணி கேட்டது. லோஞ்சில் வேலை செய்கிற மூத்ததம்பி அண்ணை. அவருடைய வீடும் எங்கள் ஒழுங்கையில்தான். “கடைசி லோஞ்சுக்குப் போறன், நயினாதீவுக்கு ஏதும் கிடக்கோ?” என்று கேட்டார். கிடந்தது. அம்மாவால் இனிமேலும் போய்ப் பின்படலையைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்பதால் பெரியப்பாவின் காட்டை அவரிடம் கொடுத்துவிடுவது என்று முடிவாகியிருந்தது. இருந்ததில் வடிவானதைத் தேடி, கரை நேராக விழுந்த ஒன்றை எடுத்து, பழைய பேப்பரில் சுற்றி, பெரியப்பாவிடம் நேரே கொடுக்கச் சொல்லி அனுப்பினேன்.

ஐந்து மணிக்குத் தவமக்கா வேலை முடிந்து வந்தார். பாயில் காய்ந்துகொண்டிருந்ததைக் கண்டார்.

“அடி பாவி! ஆருக்கடி செத்தவீட்டுக் காட் அடிச்சு வைச்சிருக்கிறாய்?”

அம்மா மாக் கையோடு ஓடி வந்தார். பார்த்தார். பிறகு மெல்ல, “எத்தினை வெளியில போட்டுது?” என்று கேட்டார்.

“ஒண்டுதான் அம்மா.”

“ஆருக்கு?”

நான் சொன்னவுடன் அம்மா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். அக்கா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் பொருமிப் பொருமி அழுதேன். நூற்றிருபது பேரில் இந்தப் பிழையைத் தாங்க ஏலாத ஒரேயொரு மனிதருக்கு அதைத் தேர்ந்தெடுத்து அனுப்பியிருக்கிறேன். வேண்டுமென்றே பழித்ததாகத்தானே நினைப்பார்? கடைசி லோஞ்சும் போய்விட்டது. அதற்குப் பின்னால் நீந்தித்தான் போகவேண்டும்.

அடுத்த நாள் காலை எட்டு மணியிருக்கும். அம்மா பயற்றம் பணியாரத்துக்கு மா பிசைந்துகொண்டிருந்தார். படலையடியில் திடீரென்று ஒப்பாரி.

“ஐயோ என்ர ராசாத்தி, சொல்லாமல் கொள்ளாமல் போட்டியே...”

பெரியம்மா! தலைமயிர் அவிழ்ந்து கிடக்க, நெஞ்சில் அடித்துக்கொண்டு முற்றத்துக்குள் வருகிறார். அம்மா குசினி வாசலில் நின்று பார்த்தார். தலைவிரி கோலமாகப் பெரியம்மா அழுதுகொண்டு வந்தால் அம்மா என்ன நினைப்பார்? “ஐயோ அத்தானே!” என்று கத்திக்கொண்டு ஓடிப்போய்ப் பெரியம்மாவைக் கட்டிப் பிடித்தார். இரண்டு பேரும் ஒருவர் தோளில் ஒருவர் விழுந்து அழுதார்கள். பெரியம்மா அம்மாவுக்காக அழுகிறார், அம்மா பெரியப்பாவுக்காக அழுகிறார். எவ்வளவு நேரம் அப்படிப் போயிருக்குமோ, பெரியம்மாவுக்குத் தன் முதுகு முழுக்க மா ஒட்டுவது உறைத்தது. தலையைத் தூக்கி அம்மாவின் முகத்தைப் பார்த்தார். “ஐயோ, இவளெல்லே!” என்று அலறி இரண்டு முழம் பின்னால் பாய்ந்தார்.

அதற்குள் பெரியப்பா படலைக்கு வந்துவிட்டார். சேட் இல்லை, தோளில் துண்டு மட்டும். பஸ்ஸுக்குக் காத்திராமல் யாரோ ஒருவரின் சைக்கிளை வாங்கி ஓடியிருக்கிறார். பெரியம்மாவை முன்னால் ஏற்றிக்கொண்டு வந்தவர், ஒழுங்கை மணலில் சைக்கிள் புதைய அவரை இறக்கிவிட்டு உருட்டிக்கொண்டு வந்திருக்கிறார். அம்மாவைக் கண்டவுடன் சைக்கிளை அப்படியே கீழே போட்டார்.

“நீர்... நீர் உயிரோட இருக்கிறீரோ?”

“ஓம் அத்தான். நான் பலகாரம் சுட்டுக்கொண்டு நிக்கிறன்.”

“அப்ப இது என்ன?”

மடியிலிருந்து என் காட்டை எடுத்தார். கண்ணாடி போடாமல் அவரால் வாசிக்க முடியாது. அனுப்பிய வீடு எதுவென்று மட்டும் சொல்லிவிட்டு மூத்ததம்பி அண்ணை போய்விட்டார், பேப்பரை அவிழ்த்துக் கறுப்புக் கரையையும் விளக்கையும் கண்டார், அம்மாதான் போய்விட்டார் என்று நினைக்க அவ்வளவும் அவருக்குப் போதும். உள்ளே திறக்கவே இல்லையாம். முதல் லோஞ்சு வரும்வரை இறங்குதுறையிலேயே நின்றாராம்.

“இந்த முறையாவது நேரத்துக்கு வந்திட வேணுமெண்டு ஓடி வந்தனான்,” என்றார். “தம்பியின்ர முகத்தைத்தான் பாக்கேல்லை...” படலைக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆறு வருடம் வெளியே நின்ற மனிதர் படலைக்கு உள்ளே நின்றார். அதை அப்போது அவரும் கவனிக்கவில்லை, நாங்களும் கவனிக்கவில்லை.

அக்கா அம்மாவின் கண்ணாடியைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் காட்டைத் திறந்து முழுக்க வாசித்தார். அழைப்போரில் தன்னுடைய பெயர் முதலாவதாக இருந்த இடத்தில் விரலை வைத்தார்.

“என்னைக் கேளாமல் என்ர பேரைப் போட்டனீரோ?”

“உங்கட பேர் இல்லாமல் என்னெண்டு அத்தான் போடுறது?”

பெரியப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு, “ஆரடி இதை அடிச்சது?” என்று உறுமினார். நான் வைக்கோல் போருக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். விளக்கைத் திரும்பப் பார்த்தார். “விளக்கு நல்லாத்தான் கிடக்கு. கையைக் காலை வைச்சுக்கொண்டு இருந்திருக்கலாமே, கரை ஏன் போட்டனி?” என்றார். அக்காதான் முதலில் சிரித்தாள். பிறகு பெரியம்மா. பிறகு எல்லோருமே சிரித்தோம்.

மிச்சக் கறுப்புக் கரைக் காட்டுகளை எறிய முடியாது, வேறு மட்டை இல்லை. பெரியப்பா முற்றத்தில் பாயைப் போட்டு இருந்து, தன் பாக்குவெட்டியால் கரைகளை ஒவ்வொன்றாக நறுக்கித் தள்ளினார். ஓரமெல்லாம் எலி கடித்த மாதிரி இருந்தது. அந்தக் காட்டுகள் மற்றதைவிடச் சிறியதாகிவிட்டன. ‘எங்களுக்கு மட்டும் ஏன் சின்னக் காட்?’ என்று இரண்டு வீட்டார் அம்மாவிடம் முகத்தை நீட்டினார்கள். அவர்களும் கலியாணத்துக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டார்கள்.

தனக்கு வந்த காட்டில் மட்டும் பெரியப்பா பாக்குவெட்டியை வைக்கவில்லை. “இது எனக்கு வந்த காட். இதில ஒருத்தரும் தொடக் கூடாது” என்று மடியில் செருகிக்கொண்டார். கலியாணத்தன்று அவரும் பெரியம்மாவும் அக்காவின் கையைப் பிடித்துத் தாரை வார்த்தார்கள். அக்கா அழத்தான் செய்தாள். அது வேறு அழுகை. பிறகு நயினாதீவுக்குப் போகும்போதெல்லாம் அந்தக் காட்டை அவருடைய அலுமாரிக் கண்ணாடியில் செருகியிருக்கக் காண்பேன். வருகிறவர்களுக்கு அதை எடுத்துக் காட்டி, ‘என்ர பெறாமகள் என்னைக் கூப்பிட்ட விதம்’ என்று சொல்வார்.

தொண்ணூறில் சண்டைக்குப் பயந்து நாங்கள் தீவை விட்டு வெளிக்கிட்டு யாழ்ப்பாணப் பக்கம் வந்தோம். ஒரு உடுப்புப் பையும் அம்மாவின் சாமிப்படமும்தான் கொண்டுவந்தோம். பிஸ்கற் பேணி பரணில் இருந்தது. வீட்டில் கூரையே இல்லை என்று பிறகு போய்ப் பார்த்தவர்கள் சொன்னார்கள். பேணியைப் பற்றி நான் யாரிடமும் கேட்கவில்லை. பெரியப்பா மாடுகளை விட்டுவிட்டு வர ஏலாது என்று நயினாதீவிலேயே இருந்துவிட்டார். எட்டிப் பார்த்தால் தெரிகிற தூரம்தான். ஆனால் தீவுகள் ஆமியின் கையில், கடிதமும் போகாது, ஆளும் போகாது.

ஒருநாள் சாமான் வாங்க வரிசையில் நின்றபோது, கொழும்பால் சுற்றி வந்த ஒருவர் என்னை அடையாளம் கண்டு கிட்ட வந்தார். பெரியப்பா போய்விட்டாராம். எப்போது என்று கேட்டேன். “அது போன ஆவணியில, பிள்ளை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிஞ்சுது. உங்களுக்குத் தெரியாதோ?” என்றார். அப்போது மாசி மாதம். வீட்டுக்கு வந்து அம்மாவுக்குச் சொன்னேன். அவர், “எங்களுக்கு ஒரு காட்டும் வரேல்லையே பிள்ளை” என்றார். காட் வந்திருந்தால் நாங்கள் ஓடியிருப்போம். சத்தியமாக ஓடியிருப்போம்.

கடைப் பெண் இன்னும் எனக்குப் பக்கத்தில்தான் நின்றாள். கறுப்பு மைப்பெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டேன். அன்றைக்குப் பசை வாங்காமலே திரும்பினேன், கதிரை இப்போதும் ஆடுகிறது. வீட்டில் ஒரு பழைய செருப்பைத் தேடி எடுத்து, ஐந்து திரிக் குத்துவிளக்கும் ஒரு தடித்த கோடும் ஒரு மெல்லிய கோடும் வெட்டினேன். கை மறக்கவில்லை. மஞ்சள் மட்டை ஒன்றை மடித்து நாலு பக்கமும் கரை கட்டினேன். நடுவில் விளக்கும் அடித்தேன். உள்ளே ஒன்றும் எழுதவில்லை. வெளிப்பக்கத்தைப் பார்த்தே ஓடி வருகிறவர் பெரியப்பா.